ருசி ஒரு பக்கம், கலோரி ஒரு பக்கம்

எடையைக் குறைப்பது என்று ஒரு வீட்டில் முடிவெடுத்ததும் முதலில் காணாமல் போவது ருசிதான். திங்கட்கிழமை காலை இட்லி இருந்த இடத்தில் ஓட்ஸ் கஞ்சி வந்து உட்காருகிறது. மதிய டப்பாவில் சோற்றுக்குப் பதில் வெள்ளரித் துண்டுகள். இரவு, தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல் இரண்டு காய்ந்த சப்பாத்தி. முதல் வாரம் வைராக்கியம் தாங்கும், இரண்டாம் வாரம் எரிச்சல் வரும், மூன்றாம் வாரம் ஏதாவது ஒரு கல்யாணப் பந்தியிலோ பரோட்டாக் கடையிலோ விரதம் கலைந்துபோகும். தோற்றவர் தன் மன உறுதியைக் குறை சொல்லிக்கொள்வார். உண்மையில் குறை இருப்பது அவர் போட்ட திட்டத்தில். வாய்க்கு ருசியாக இருப்பதெல்லாம் உடம்பில் சதை போடும், இளைக்க வேண்டுமானால் நாக்கைக் கட்டத்தான் வேண்டும் என்ற எண்ணத்தின் மேல் கட்டிய திட்டம் அது. நம் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. ருசி தரும் பொருள்கள் பெரும்பாலும் ஒரு தட்டில் இருக்கின்றன, கலோரி தரும் பொருள்கள் வேறொரு தட்டில் இருக்கின்றன. முதல் தட்டில் கை வைக்காமல் இரண்டாவது தட்டில் மட்டும் அளவைக் குறைக்க முடியும்.

இதை இப்போது பேச வேண்டிய அவசியம் என்ன என்பதற்கு அரசின் கணக்கே பதில் சொல்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் கூடுதல் எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இந்த எண்ணிக்கை பெண்களில் 30.9, ஆண்களில் 28.2. ஓர் ஆய்வுக்கும் அடுத்த ஆய்வுக்கும் நடுவில் ஒன்பது பத்துப் புள்ளி ஏறியிருக்கிறது. உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைச் சொல்லும் பி.எம்.ஐ. 25ஐத் தொட்டவர்களை மட்டுமே இந்த ஆய்வு கணக்கில் எடுக்கிறது. இந்தியர்களுக்கு 23லிருந்தே கவனம் தேவை என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். நாம் சாப்பிடுவதன் சேர்மானமும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நிதியுதவியுடன் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், இந்தியர்களின் அன்றாடக் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவது தெரிந்தது. அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி, அரைத்த கோதுமை, சர்க்கரை.

கலோரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம். ஒரு கிராம் மாவுச்சத்திலும் ஒரு கிராம் புரதத்திலும் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மி.லி. எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. 100 கிராம் தேங்காய்த் துருவலில் 350க்கு மேல். வடித்த சோறு 100 கிராமுக்கு 130தான், ஆனால் நாம் அதை 100 கிராமோடு நிறுத்துவதில்லை. இந்தப் பக்கம் சர்க்கரை, நெய், முந்திரி. இப்போது மறு பக்கம் பாருங்கள். புளி, மிளகு, சீரகம், வரமிளகாய், பூண்டு, இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை, கொத்தமல்லித் தழை, எலுமிச்சை. ஒரு குழம்புக்கு இவற்றில் எவ்வளவு போட முடியுமோ அவ்வளவு போட்டாலும் ஓர் ஆளின் பங்குக்கு வரும் கலோரி கணக்கில் எடுக்கத் தகுந்ததாக இராது. ஒரு ரசத்தை ரசமாக்குவது எது என்று கேட்டால் புளியும் தக்காளியும், பொடித்த மிளகு சீரகமும், கடைசியில் விழும் தாளிப்பும் என்போம். அந்தப் பட்டியலில் கலோரி உள்ளது தாளிப்பு எண்ணெய் மட்டும்தான், அதுவும் ஒரு தேக்கரண்டி.

எண்ணெய் இல்லாமல் ருசியே வராது என்று சமைக்கிறவர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. கடுகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றின் வாசனைப் பொருள்கள் தண்ணீரில் சரியாகக் கரைவதில்லை, சூடான எண்ணெயில் கரைந்து வெளியே வரும். ஆகவே வாசனையைச் சுமந்து மூக்குக்குக் கொண்டுபோக எண்ணெய் வேண்டும். ஆனால் சுமை தூக்க ஒரு வண்டி போதும், பத்து வண்டி வேண்டியதில்லை. கடுகு வெடிக்கவும் கறிவேப்பிலை சடசடக்கவும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். அதற்கு மேல் ஊற்றுவது வாசனையைக் கூட்டுவதில்லை. நாக்கில் ஒரு வழுவழுப்பையும் குழம்பின் மேல் ஒரு பளபளப்பையும் தருகிறது, அவ்வளவுதான். "எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை" என்ற பக்குவம் விருந்துச் சமையலுக்கும் ஓட்டலுக்கும் உரியது. அதைச் செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்ததில்தான் சிக்கல். வெறும் வாணலியில் மல்லி, மிளகு, துவரம்பருப்பை வாசம் வர வறுத்துப் பொடித்தால் குழம்புக்கு மணமும் கிடைக்கும், கெட்டித்தன்மையும் கிடைக்கும். தாளிப்பை முதலில் கொட்டிக் கொதிக்கவிடாமல் இறக்கும்போது சேர்த்து உடனே மூடினால் அதே ஒரு தேக்கரண்டி எண்ணெயின் மணம் சாப்பிடும்வரை நிற்கும்.

ருசி மட்டும் போதாது, வயிறும் நிறைய வேண்டும். பசியோடு எழுந்தவர் நான்கு மணிக்கு மிக்சர் டப்பாவைத் தேடுவார். வயிறு நிறைவதற்கும் கலோரிக்கும் நேரடி உறவு இல்லை என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் என்ற ஆய்வாளரின் குழு, ஒரே அளவு கலோரி உள்ள 38 உணவுகளைக் கொடுத்து, எது எவ்வளவு வயிற்றை நிறைக்கிறது என்று அளந்தது. முதலிடம் பிடித்தது வேகவைத்த உருளைக்கிழங்கு. வெள்ளை ரொட்டியைப் போல மூன்று மடங்குக்கு மேல் அது வயிற்றை நிறைத்தது. வெண்ணெய் நிறைந்த குரோசான் என்ற பேக்கரிப் பண்டம் கடைசி. எடை குறைப்பவர்கள் முதலில் விரட்டும் உருளைக்கிழங்குக்கு இப்படி ஒரு நற்சான்று. வேகவைத்த கிழங்கில் 100 கிராமுக்கு 80 கலோரி அளவுதான், அதையே சிப்ஸாகப் பொரித்தால் 500ஐத் தாண்டும். குற்றம் கிழங்கின் மேல் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் செய்த ஆய்வுகளும் இதையே வேறு வழியில் சொல்கின்றன. தண்ணீரும் நாரும் அதிகமுள்ள உணவு தட்டில் கூடினால், மொத்தக் கலோரி தானாகக் குறைகிறது. 2007இல் வெளியான அவரது ஓர் ஆய்வில், சாப்பாட்டுக்கு முன் சூப் குடித்தவர்கள், அந்த சூப்பையும் சேர்த்தே, சுமார் 20 சதவீதம் குறைவான கலோரி உண்டார்கள். நம் வீட்டில் அந்த சூப்பின் பெயர் ரசம். அதைச் சோற்றில் ஊற்றுவதற்கு முன் ஒரு டம்ளர் குடித்துவிட்டு உட்காரலாம்.

இனி ஒரு மதியச் சாப்பாட்டைத் தட்டில் வைத்தே கணக்கிடலாம். சாம்பாரும் மோரும் இரண்டு தட்டிலும் ஒன்றுதான், அவற்றை விட்டுவிடுவோம். முதல் தட்டில் 400 கிராம் சோறும், 150 கிராம் கிழங்கில் ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு முறுகலாக வறுத்த உருளை வறுவலும். சோறு 520 கலோரி, வறுவல் ஏறக்குறைய 300, மொத்தம் 820. அப்பளம் இன்னும் வரவில்லை. இரண்டாவது தட்டில் சோறு பாதி, 200 கிராம், 260 கலோரி. அதோடு 25 கிராம் பாசிப்பருப்பும் 150 கிராம் புடலங்காயும் சேர்ந்த கூட்டு. மேலே ஒரு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளிப்பு. இது 180 கலோரி. பக்கத்தில் 150 கிராம் பீன்ஸ் பொரியல், இன்னொரு தேக்கரண்டி எண்ணெய், 90 கலோரி. மொத்தம் 530. எடை போட்டுப் பார்த்தால் இரண்டாவது தட்டில்தான் உணவு அதிகம். பருப்பினால் புரதமும் அதிகம், காயினால் நாரும் அதிகம். குறைந்தது 290 கலோரி. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரிச் சேமிப்பு. தினமும் ஒரு வேளையில் இந்த மாற்றம் மட்டும் செய்தால் காகிதக் கணக்கில் மாதம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். உடம்பு காகிதக் கணக்குக்கு அப்படியே கட்டுப்படாது, எடை குறையக் குறைய அதன் செலவும் குறையும். ஆனாலும் திசை சரியாக இருக்கும்.

"எண்ணெய்க் கத்தரிக்காய் குழம்பு வேண்டுமே" என்று கேட்பவருக்கும் வழி உண்டு. கத்தரிக்காயின் சதை பஞ்சு போன்றது, உள்ளே நிறையக் காற்று அறைகள். பச்சைக் கத்தரிக்காயை வாணலியில் போட்டால் அந்த அறைகள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். போதவில்லை என்று நாம் மேலும் ஊற்றுவோம், அதுவும் உள்ளே போகும். கால் கிலோ கத்தரிக்காயில் சுமார் 60 கலோரிதான், ஆனால் அதை வதக்க ஊற்றும் ஐந்து மேசைக்கரண்டி எண்ணெயில் 600. காயை நான்காகக் கீறி, உப்பு தடவி, முதலில் இட்லிப் பானையில் ஐந்தாறு நிமிடம் ஆவியில் வைத்துவிட்டால் அந்தக் காற்று அறைகள் சுருங்கிவிடும். பிறகு அகலமான இரும்புச் சட்டியில் மூன்று தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுத் திருப்பிப் போட்டால் தோல் சுருங்கி, ஓரம் கருகி, எண்ணெயில் வதக்கியது போலவே வரும். குழம்பு கொதித்து இறக்கியதும் நான்காவது தேக்கரண்டியைப் பச்சையாக மேலே விட வேண்டும். சாப்பிடுகிறவர் மூக்குக்கு முதலில் போவது அந்த எண்ணெயின் மணம்தான். மொத்தம் 160 கலோரி எண்ணெய், அதுவும் நான்கு பேருக்கு.

இதே பார்வையை மற்றப் பண்டங்களுக்கும் பொருத்தலாம். பொரிக்கும்போது பண்டத்தின் ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது. எண்ணெயின் பெரும்பகுதி, பண்டத்தை எடுத்து வெளியே வைத்த பிறகு, அது ஆறும்போதுதான் உள்ளே போகிறது. ஆகவே வடையைச் சட்டியிலிருந்து எடுத்த சூட்டிலேயே நன்றாக வடியவிட்டு ஒற்றி எடுத்தால் கொஞ்சம் மிச்சமாகும். அதைவிட, அதே மாவைக் குழிப்பணியாரச் சட்டியில் சுட்டால் நிறைய மிச்சமாகும். அப்பளத்தைத் தணலில் சுடலாம். தேங்காய்ச் சட்னி தினமும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பீர்க்கங்காய்த் தோல் துவையல், தக்காளி வெங்காயச் சட்னி, புதினாத் துவையல் எல்லாம் இட்லிக்குப் பொருந்துபவைதாம். தேங்காய் போடும் நாளில் அரை மூடி விழும் இடத்தில் இரண்டு மேசைக்கரண்டி போட்டு, பச்சை மிளகாய், இஞ்சி, கொத்தமல்லியைக் கூட்டிக்கொள்ளலாம். குறைத்த தேங்காய்க்கு ஈடாகப் பொட்டுக்கடலையை அள்ளிப் போட்டால் லாபம் இல்லை. எடைக்கு எடை பார்த்தால் பொட்டுக்கடலையின் கலோரியும் தேங்காயின் அளவுக்கே வரும்.

"ஆரோக்கியமானது" என்று பெயர் வாங்கிய பல பொருள்களின் கதையும் இப்படித்தான். செக்கில் ஆட்டிய எண்ணெயானாலும் ஆலிவ் எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி. கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் வெள்ளைச் சர்க்கரைக்குக் கலோரியில் தம்பிகள்தாம். தினை, வரகு, சாமையும் உலர்ந்த எடையில் அரிசிக்கு நெருக்கமான கலோரியே தரும். சிறுதானியத்தில் நார் கூடுதல், செக்கு எண்ணெயில் மணம் கூடுதல். அந்தக் காரணங்களுக்காக அவற்றை வாங்குவதில் தவறில்லை. ஆனால் நல்ல பொருள் என்பதும் கலோரி குறைந்த பொருள் என்பதும் வேறு வேறு. நெய் சொட்டச் சொட்ட, முந்திரி மிதக்கச் செய்த வரகுப் பொங்கலைத் தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு எடை இறங்கவில்லையே என்று வருந்துவதில் நியாயம் இல்லை.

அந்தக் காலத்தில் தாத்தா பாட்டிகள் மலை மலையாகச் சோறு சாப்பிட்டார்களே, அவர்களுக்குத் தொப்பை விழவில்லையே என்று கேட்பார்கள். அவர்கள் அந்தச் சோற்றை ஏர் ஓட்டியும் நாற்று நட்டும் தண்ணீர் இறைத்தும் செலவழித்தார்கள். பெரும்பாலான வீடுகளில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறியது தீபாவளிக்கும் பண்டிகைக்கும்தான். நாம் அவர்களுடைய சோற்றளவை வைத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிட்டோம், பண்டிகை எண்ணெயை அன்றாட எண்ணெயாக்கிக்கொண்டோம். அப்படியானால் உடற்பயிற்சி செய்து ஈடுகட்டலாமே என்பது அடுத்த கேள்வி. நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனத்துக்கும் நல்லது, விடக் கூடாது. ஆனால் அரை மணி நேர நடையில் செலவாவது சராசரியாக 100 முதல் 150 கலோரி. அது வாணலியில் கை தவறி விழும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்குச் சரியாகப் போய்விடும். எடையைப் பொறுத்தவரை நடையை விட அடுப்படிக்கு வலு அதிகம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. காய் நறுக்கவும் கூட்டு வைக்கவும் யாருக்கு நேரம் இருக்கிறது, கடைசியில் இது வீட்டுப் பெண்ணின் தலையில் விழும் இன்னொரு வேலைதானே என்பது அது. நியாயமான கேள்வி. ஆனால் வெளியே வாங்குவதற்கும் விலை உண்டு. 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் உணவும், இரண்டு வாரம் சாதாரணச் சமையல் உணவும் கொடுத்தார்கள். வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் சமம், வேண்டிய அளவு சாப்பிடலாம். பாக்கெட் உணவு வாரங்களில் அவர்கள் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு 0.9 கிலோ ஏறினார்கள், மற்ற வாரங்களில் அதே அளவு இறங்கினார்கள். ஆக, வீட்டுச் சமையலுக்கு மதிப்பு உண்டு. அந்த வேலை ஒருவர் தலையில் மட்டும் விழக் கூடாது என்பதும் உண்மை. இளைக்க நினைப்பவர் யாரோ அவரே காயை நறுக்கட்டும். ஒரே நேரத்தில் குக்கரின் கீழ்த்தட்டில் பருப்பும் மேல்தட்டில் காயும் வைத்தால் கூட்டு முடிக்க அரை மணி போதும். முந்தின இரவு ஊறவைத்த கொண்டைக்கடலை மாலைச் சுண்டலாகும். இன்னொரு வழக்கத்தையும் விட வேண்டும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு, சட்டியில் மிஞ்சியது வீணாகக் கூடாது என்று அம்மா வயிற்றில் போட்டுக்கொள்வது. அதற்குக் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது.

நாக்கு ஒத்துக்கொள்ளாது என்பது கடைசி ஆட்சேபம். முதல் வாரத்தில் குறை தெரியும், மறுக்க வேண்டியதில்லை. எண்ணெயைக் குறைத்த கை உப்பைக் கூட்டப் பார்க்கும், அங்கேதான் எச்சரிக்கை தேவை. நாளுக்கு 5 கிராம் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, ஊறுகாயும் அப்பளமும் அதற்குள் அடக்கம். உப்புக்குப் பதில் புளிப்பைக் கூட்டலாம். பொரியலின் மேல் பிழியும் அரை மூடி எலுமிச்சை உப்புக் குறையை மறைத்துவிடும். சில வாரங்களில் நாக்கு புதிய அளவுக்குப் பழகும், பிறகு பழைய குழம்பே திகட்டும். எந்த உணவுமுறை சிறந்தது என்ற சண்டையையும் அதிகம் பொருட்படுத்த வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை ஓராண்டு தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். புள்ளியியல்படி அது பெரிய வேறுபாடு இல்லை. இரு அணிக்கும் சொல்லப்பட்ட பொது அறிவுரை ஒன்றுதான்: காய்கறியைக் கூட்டுங்கள், சர்க்கரையையும் மைதாவையும் குறையுங்கள், முடிந்தவரை வீட்டில் சமையுங்கள். வாரம் அரை கிலோ இறங்கினால் போதும், அவசரம் வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகும். கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

தராசும் கலோரி அட்டவணையும் இல்லாமல் தொடங்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, 2,000 கலோரி உண்பவருக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெய் போதும் என்கிறது. 4 பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் தீர்ந்தால் ஆளுக்குத் தினம் 38 கிராம் போகிறது என்று பொருள். அதை மூன்றரை லிட்டருக்குக் கொண்டுவந்தாலே ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 100 கலோரி குறையும், மளிகைக் கணக்கிலும் ஒன்றரை லிட்டர் மிச்சம். அடுத்த முறை ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேல் பேனாவால் தேதியை எழுதி வையுங்கள். நான்கு பேர் வீட்டில் அது எட்டு நாளாவது வர வேண்டும்.